நிலைப்பொருளும் நினைவகமும்

கணினியிலே கணிப்புத் தொழிலை இயற்றுவது முறைவழியாக்கி. அத்தொழிலுக்கு வேண்டிய தரவுகளை அவ்வப்போது ஏந்தி நிற்பது, கடைவழக்கிலே 'றாம்' எனப்படும் நினைவகத் தகடு. மின் பாய்ந்ததும் இவ்விரண்டையும் எழுப்பி இசைவிப்பது தாய்ப்பலகையிற் பதிந்துள்ள நிலைப்பொருள். பயோஸ் என வழங்குவதும் இதுவே. இதனைப் புதுப்பித்த பின்னர்த் திரை இருண்டு கிடத்தலும், நினைவகம் குறைந்து தோன்றலும், கணினி இடையிலே நின்றுவிடுதலும் சிலவேளை நிகழ்வன. தகடு பழுதாயிற்று என உடனே துணிவார் பலர். அத்துணிவு பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

யானும் அவ்வாறு துணிந்தவனே. பாடசாலைக் கணினியொன்றின் நிலைப்பொருளைப் புதுப்பித்தபோது திரை இருண்டது. இரண்டு நிமிடம் பொறுத்து மின்னை நிறுத்தினேன். மும்முறை அவ்வாறு செய்தேன். பின்னர், பழைய மாணவர் உதவிய பணத்திலே புதிய தகடு வாங்கிப் பொருத்தினேன். இருள் நீங்கவில்லை. மணி அடிக்கவே, மின்னை நிறுத்தாது வகுப்புக்குச் சென்றேன். மீண்டபோது திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பழைய தகட்டை இட்டுப் பொறுத்திருந்தேன், அதுவும் இயங்கியது.

இதன் காரணம் யாது? 2020 ஆம் ஆண்டு தரம் வகுக்கப்பட்ட டீ.டீ.ஆர்.5 நினைவகத்திலே ஒரு சைகை நிலைக்கும் பொழுது, செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கினுங் குறைவு. அந்நுண்பொழுதுக்கு ஏற்ப, நிலைப்பொருள் பலவாறு ஒத்திகை பார்த்தே அளவுகளை வகுக்கும். இதனைப் பயிற்றல் என்பர். கண்ட அளவுகளைச் சேமித்துப் பின்னரும் பயன்கொள்ளும். புதுப்பித்தலால் அச்சேமிப்பு அழியின், பயிற்றல் மீளத் தொடங்கும். அதற்குப் பல நிமிடம் செல்லுதலும் உண்டு. இடையில் மின்னை நிறுத்துவோன் அதனை முதலிலிருந்து தொடங்கச் செய்கின்றான்.

மற்றொரு காரணம், அமைப்புக்கள் இயல்புநிலைக்கு மீளுதல். செக்கனுக்கு 3200 மில்லியன் மாற்றம் எனப் பொறித்த டீ.டீ.ஆர்.4 தகடுகள் சில, 2133 இல் இயங்கக் காணலாம். இது பழுதன்று, வேகத்துக்குரிய எக்ஸ்.எம்.பி. அமைப்பு அணைந்தமையே காரணம். மறுதலையாக, அதனை இயக்கியபின் கணினி தடுமாறின், அணைத்து நோக்குக. அளவு குறைந்து தோன்றின், வரைவியலுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளதா எனவும் பார்க்க.

பரிகாரங்களை எளியது முதலாக முறையே செய்தல் வேண்டும். முதலிற் கால் மணி நேரமேனும் பொறுத்திருக்க. பயனின்றேல், மின்வடத்தைக் கழற்றி, சேமித்த அமைப்புக்களைக் கைந்நூல் கூறியவாறு அழிக்க; பல பலகைகளிலே சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ற்று மின்கலத்தைச் சிறிது நேரம் அகற்றுதலும் இதற்கு உதவும். அடுத்து, ஒரே தகட்டைக் கைந்நூல் குறிக்கும் செருகுவாயில் இட்டு நோக்குக; பின்னர் மற்றையதை இடுக. கணினி இயங்கின், மெம்ரெஸ்ற்86 போன்ற சோதனை நிரலை ஓரிரவு ஓடவிடுக. பிழை தகட்டைத் தொடரின் தகடு பழுது. செருகுவாயிலே நிற்பின் பலகையை ஐயுறுக. முன்னர் நன்கியங்கிய தகடுகள் யாவும் எங்கும் பிழை காட்டின் புதிய நிலைப்பொருளை ஐயுறுக. பலகை இடமளிப்பின் முந்திய பதிப்புக்கு மீளலாம்.

ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக; இரண்டை ஒருங்கு மாற்றுவோன் குறையைத் தீர்த்தது எதுவென அறியான். புதுப்பிக்குமுன் அமைப்புக்களைத் தாளிற் குறித்து வைக்க. வட்டு மறைகுறியாக்கப்பட்டிருப்பின் மீட்புத் திறவுகோலையும் குறித்துக்கொள்க. யான் வாங்கிய தகடு இன்று வேறொரு கணினியிற் பயன்படுகின்றது. ஆயினும், சோதியாது பிறர் பணத்தைச் செலவிட்ட குற்றம் குற்றமே.