நிழற்பகுதி இரைச்சல்: ஒளிப்படமும் காணொளியும்

நிழற்பகுதி இரைச்சல் என்பது எண்ணிமக் கேமராவில் எடுத்த படத்தின் இருண்ட இடங்களில் தோன்றும் புள்ளிப்புள்ளியான மாறுபாடு ஆகும். ஒரே நிறமுள்ள கல்லின் மேல் சிவப்பு, பச்சை, நீலத் துகள்களைத் தூவியதுபோல் இது தெரியும். அதே கேமராவில், அதே வெளிச்சத்தில் எடுத்தாலும், ஒளிப்படத்தைவிடக் காணொளியில் இது பெரும்பாலும் மிகுந்திருக்கும்.

எடுத்துக்காட்டு: கிருஷ்ணாபுரம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. குறவன், குறத்தி, கர்ணன், அர்ச்சுனன், ரதி, மன்மதன் முதலிய உருவங்கள் தூண்களோடு சேர்த்தே செதுக்கப்பட்டுள்ளன. தூண் மண்டபத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருவதால் சிற்பத்தின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் இருண்டிருக்கும். அந்த இருளில் உள்ள நகம், நரம்பு, அணிகலன் போன்ற நுண்வேலைப்பாடுகளையே இரைச்சல் முதலில் மறைக்கிறது.

ஒளி சேரும் நேரம்

வேறுபாட்டின் முதன்மைக் காரணம் இதுவே. ஒளி ஃபோட்டான்களாக வந்து உணரியில் விழுகிறது. அந்த வரவு சீரானதன்று. அதன் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம்.

நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட காணொளியில் ஒரு சட்டகத்துக்கு வழக்கமாக 1/50 நொடி ஒளி கிடைக்கும். அந்நேரத்தில் நிழலிலுள்ள ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான்கள் பதிவாவதாகக் கொண்டால், ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 விழுக்காடு. அசையாத சிற்பத்தை முக்காலியில் கேமராவை வைத்து 1/2 நொடி ஒளிப்படம் எடுத்தால் 2,500 ஃபோட்டான்கள் பதிவாகும். ஏற்ற இறக்கம் 50. அதாவது 2 விழுக்காடு மட்டுமே.

இதனால் காணொளிக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும் இடத்தில் ஒளிப்படத்துக்கு ஐஎஸ்ஓ 250 போதும். ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் இரைச்சல் பிறக்கிறது என்பது பொதுவான தவறான கருத்து. ஒளி குறைந்ததே காரணம். ஐஎஸ்ஓ அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

உணரியைப் படிக்கும் முறை

இரண்டையும் 1/50 நொடியிலேயே எடுத்தாலும் சிறு வேறுபாடு எஞ்சலாம். காணொளியில் உணரியை நொடிக்கு 25 முறை படிக்க வேண்டும். வேகத்துக்காகச் சில கேமராக்கள் பிக்சல் வரிசைகள் சிலவற்றை விட்டுவிடுகின்றன. அவற்றில் விழுந்த ஒளி வீணாகிறது. எல்லாப் பிக்சல்களையும் படித்துப் பின்னர் சுருக்கும் கேமராக்களில் இரைச்சல் குறையும்.

பதிவும் சுருக்கமும்

ரா ஒளிப்படம் பெரும்பாலும் 14 பிட் அளவில் 16,384 படிநிலைகளைக் கொண்டிருக்கும். 8 பிட் காணொளியில் இருப்பவை 256 மட்டுமே. நிழலைப் பின்னர் வெளுப்பாக்கும்போது பட்டைபட்டையாகப் பிரிவது இதனால்தான். மேலும், எச்.264 போன்ற சுருக்க முறைகளால் இரைச்சலையும் நுண்விவரத்தையும் பிரித்தறிய முடியாது. கோப்பளவு குறையும்போது இரண்டும் சேர்ந்தே மழுங்கி, இருண்ட இடங்கள் கட்டங்களாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் விதம்

ஓடும் காணொளியில் இரைச்சல் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால் கண் அதை ஓரளவு சராசரியாக்கிக்கொள்கிறது. காணொளியை நிறுத்தினால் அதே சட்டகம் மோசமாகத் தெரிவது இதனாலேயே.

ஆவணப்படுத்தலில்

காணொளியிலிருந்து வெட்டியெடுத்த சட்டகம் சிற்ப ஆவணத்துக்கு ஏற்றதன்று. கல் தேய்ந்தோ உடைந்தோ போனபின் பழைய படத்தை ஒப்பிடுபவருக்கு, நிழலில் இருந்தது உளி வரியா இரைச்சலா என்று தெரியாமல் போகும். மண்டபத்தின் அமைப்பைக் காட்டக் காணொளியும், ஒவ்வொரு சிற்பத்துக்கும் முக்காலியில் எடுத்த ரா ஒளிப்படமும் பொருத்தமானவை. முக்காலிக்கு இடமில்லாதபோது, கேமராவை அசைக்காமல் ஊன்றிப் பிடித்து ஒரே காட்சியை 16 முறை எடுத்து, கணினியில் பொருத்திச் சராசரியாக்கினால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.