ரயில்வே வேலையை உதறிய வாலிபர்

காலை எட்டு மணி. எலெக்ட்ரானிக் சிட்டி, கோணப்பன அக்ரஹாரம் பஸ் நிறுத்தம். பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களுக்குக் குறைவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் என்று பல ஊர்க்காரர்கள். சிலருக்குத் தொழிற்சாலையில் வேலை. சிலருக்கு ஆபீசில் எழுத்து வேலை. சிலருக்குக் கட்டட வேலை. ஊரை விட்டு வந்தாயிற்று, கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே பலருக்கும் முதல் கவலை.

1893-ஆம் ஆண்டில் இப்படித்தான் ஓர் இளைஞருக்கு வேலை கிடைத்தது. ஊர் யாழ்ப்பாணம். வயது பதினெட்டு. வேலை, இலங்கை அரசாங்க ரயில்வேயில் குமாஸ்தா. அந்நாளில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் பாதையே கிடையாது. கொழும்பிலிருந்து அங்கு ரயில் ஓடத் தொடங்கியது 1905-ல்தான். ரயிலே வராத ஊரிலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்குப் போன பிள்ளை அவர்.

மாதச் சம்பளம் உண்டு. அரசாங்க உத்தியோகம் என்ற மரியாதையும் உண்டு. ஆனால் இரண்டே ஆண்டில் அந்த வேலையை உதறிவிட்டார். கத்தோலிக்கக் குருவாகப் போனார். அவர்தான் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

வைத்திலிங்கம்

1875-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ந் தேதி மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். சிறு வயதிலேயே தந்தை காலமானார். தாயார் பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப் பிள்ளை என்ற கத்தோலிக்கரை மணந்தார். பிள்ளைக்கும் ஞானஸ்நானம் நடந்தது. வைத்திலிங்கம் ஞானப்பிரகாசம் ஆனார்.

தம்பிமுத்துப் பிள்ளை எழுத்தாளர், அச்சுக்கூடமும் நடத்தியவர். மை வாசனையும் ஈய எழுத்தும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தின் மீது ஆசை வந்ததில் வியப்பில்லை.

1895-ல் யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் சேர்ந்தார். அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்தார். 1901 டிசம்பர் முதல் தேதி குருப்பட்டம் பெற்றார்.

நல்லூரில் ஒரு குரு

அவருக்குக் கிடைத்த பணிக்களம் நல்லூர். கந்தசுவாமி கோவிலால் புகழ் பெற்ற ஊர். ஆறுமுக நாவலர் பிறந்த மண். சைவத்தின் கோட்டை என்றே சொல்லலாம். அங்கே ஒரு கத்தோலிக்கக் குரு வேலை செய்வது எளிதன்று. சமய விவாதங்கள் எழுந்தன. சுவாமிகள் துண்டுப் பிரசுரமும் நூலும் எழுதினார். சைவப் புலவர்கள் மறுப்பு எழுதினார்கள். பேனாக்கள் காரமாகவே மோதிக்கொண்டன.

ஆனாலும் எதிர்த்தரப்பின் நூல்களைப் படிக்காமல் அவர் பேசவில்லை. சைவ சித்தாந்தத்தைப் பயின்று, அதைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். சமயத்தில் அவரோடு ஒத்துப்போகாதவர்களும் அவருடைய தமிழ் ஆராய்ச்சியை மதித்தார்கள்.

யாழ்ப்பாணச் சரித்திரத்தை ஆராய்ந்து 1928-ல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ வெளியிட்டார். வாய்வழிக் கதை எது, சான்றுள்ள செய்தி எது என்று பிரித்துப் பார்க்க முயன்ற நூல் அது.

வேர்ச்சொல் தேடி

எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளில் அவருக்குப் பயிற்சி இருந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுவார்கள். எண்ணிக்கை கிடக்கட்டும். எதற்காகக் கற்றார் என்பதே முக்கியம். ஒரு தமிழ்ச் சொல் எந்த வேரிலிருந்து முளைத்தது, அதன் உறவுகள் வேறு எந்த மொழிகளில் இருக்கின்றன என்று காண விரும்பினார்.

பக்கத்து வீட்டு மொழியையும் அவர் ஒதுக்கவில்லை. சிங்களத்தில் உள்ள திராவிடக் கூறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். 1938-ல் அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் முதற் பகுதி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

தமிழையும் ஐரோப்பிய மொழிகளையும் ஒரே வேரில் இணைக்க அவர் செய்த முயற்சியை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆனால் சொல்லைச் சொல்லோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்த அந்த உழைப்பு சாமானியமானதன்று. பேரேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு வேண்டிய பொறுமைதான் அது. வேலையை விட்டாரே தவிர, அந்தப் பொறுமையை அவர் விடவில்லை.

முடியாத அகராதி

1947 ஜனவரி 22-ந் தேதி சுவாமிகள் காலமானார். அகராதி முற்றுப்பெறவில்லை. பிற்காலத்தில் இலங்கை அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

சொற்பிறப்பு ஆராய்ச்சியில் அவர் வழியில் நடந்தவர் தாவீது அடிகள். அவரும் கத்தோலிக்கக் குரு. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1981-ல் மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. தொலைவிலிருந்து அந்தத் தீயைக் கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சியில் சாய்ந்தார். அப்படியே உயிர் நீத்தார். புத்தகம் எரிவதைக் கண்டு ஓர் ஆசிரியரின் உயிர் போயிற்று.

ஹாலும் பாலும்

இந்தக் கதை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பத்து ஆண்டு இங்கே இருந்தும் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசத் தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. இங்கேயே பிறந்து, தமிழ் எழுத்துத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகளும் உண்டு. ஒன்றைக் கற்றால் மற்றொன்று போய்விடும் என்ற பயம் வேறு!

சுவாமிகள் செய்ததுபோல் ஒப்பிட்டுப் பார்த்தால் பயம் தெளியும். நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. பெண், ஹெண்ணு. பழைய கன்னடத்தில் இவை ‘ப’கரத்தில்தான் தொடங்கின, காலப்போக்கில் அது ‘ஹ’ ஆயிற்று. தினமும் நாம் போய்வரும் ஓசூர் ரோட்டின் பெயரும் அப்படியே. ஹொஸ ஊரு, அதாவது புது ஊர். ஊர் நம் ஊர்தான்!

பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் தினம் ஒரு சொல் கற்கலாம். இரவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் ஒரு பக்கம் படிக்க வைக்கலாம். இதற்கு யாரும் வேலையை உதற வேண்டாம். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் போதும்.