டெண்டர் போச்சா? பத்து நாள் பாஸ்!

திருநீர்மலை உச்சிக்கு ஏறி, மூச்சு வாங்கியபடி செல்போனை எடுக்கிறீர்களா? அந்த செல்போன் சேவையே கோர்ட் படியேறி இறங்கித்தான் வந்தது சார்!

1992-ல் சென்னை உள்பட 4 பெருநகரங்களின் செல்போன் சேவைக்கு மத்திய அரசு டெண்டர் விட்டது. டெல்லி கைநழுவியதும் டாடா செல்லுலார் கேஸ் போட்டது. 1994-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: யாருக்குத் தருவது என்பது அரசின் வேலை, முடிவெடுத்த முறை ஒழுங்கா என்பதை மட்டும்தான் கோர்ட் பார்க்கும். மறுவருஷமே போன் ஒலித்தது.

ஆகவே, 'எனக்குத்தான் தகுதி ஜாஸ்தி' என்று புலம்பினால் எடுபடாது. நிபந்தனையை ஆளுக்கேற்ப வளைத்தார்களா? ஆதாரம் காட்டுங்கள். தமிழ்நாட்டின் 1998-ம் வருஷத்து டெண்டர் சட்டப்படி மேல்முறையீட்டுக்கு 10 நாள்தான் டைம். மச்சானிடம் யோசனை கேட்டு முடிப்பதற்குள் அது ஓடிவிடும், ஜாக்கிரதை!