வியாபாரி கண்ணும் உங்க தராசும்

வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வியாபாரி ஆட்டின் முதுகைத் தடவுவார், இடுப்பில் ஒரு அமுக்கு அமுக்குவார். "பத்து கிலோ தேறும்" என்பார். நம்ம ஆள் அவுட்!

ஷிஃப்ட் போக மிச்ச நேரத்தில் நாலு ஆடு வளர்க்கும் நெய்வேலி நண்பர்களே, கணக்கைக் கேளுங்கள். நல்லா வளர்ந்த கிடாவில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி. 25 கிலோ கிடா என்றால் சுமார் 12 கிலோ. அவர் பத்து என்றால், இரண்டு கிலோ கறிக்காசு அவர் பையில்! ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, தூக்கி எடை பார்த்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்புங்கள். அப்புறம் பேரத்தில் உங்க குரலே தனி.

ஆனா, எடை ஏறணுமே சார்! குடற்புழு இருந்தால் போடுகிற தழையெல்லாம் புழுவுக்குத்தான் விருந்து. மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கு ஊசி. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கால்நடை மருந்தகத்தில் ஊசி உண்டு. அசட்டையாக இருந்தால் பட்டியே காலி. சந்தையில் வாங்கிய குட்டியை நேரே பட்டிக்குள் விடாதீங்க. மூணு வாரமாவது தனியாக் கட்டுங்க.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன்.

"உங்க தம்பி வந்தாலும் இதே ரூல்தானே?" என்கிறாள் மனைவி.