ஹைலிகெண்டாம்: பால்டிக் கரையின் வெள்ளை நகரம்

ஜெர்மனியின் முதல் கடற்குளியல் ஊர் இதுதான். கடல்நீர் நோய் தீர்க்கும் என்று மருத்துவர் சாமுவேல் ஃபோகல் எடுத்துச் சொல்ல, மெக்லென்பர்க் கோமகன் முதலாம் ஃபிரீட்ரிக் ஃபிரான்ஸ் 1793இல் இங்கே கடலில் இறங்கினார். கோமகனே குளித்த கடல் என்றால் கேட்க வேண்டுமா? பிரபுக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

எதிரிலுள்ள மண்டபம் 1816இல் கார்ல் தியோடர் செவெரின் கட்டி முடித்தது. முகப்பை அண்ணாந்து பாருங்கள். குளித்து நலம் பெற்றவரை மகிழ்ச்சி உள்ளே அழைப்பதாக லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அந்த அழைப்பு கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொழிலாளர்களுக்கும் கிடைத்தது. மாளிகைகள் அவர்கள் உடல் தேறும் இல்லமாயின. இந்த ஊரின் நல்ல காலங்களில் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் கடலோர மாளிகைகள் பல ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காரை உதிர்ந்தன. 2003இல் சொகுசு ஹோட்டல் திறந்தது. 2007 ஜூனில் ஜி8 மாநாட்டுக்காக ஊரைச் சுற்றி 12 கி.மீ. வேலி எழுந்தது, விருந்தினராக மன்மோகன் சிங்கும் வந்தார்.

இத்தனைக்கும் நடுவே, 1886இல் ஓடத் தொடங்கிய ‘மோல்லி’ நீராவி ரயில் இன்றும் பாட் டோபெரான் கடைத்தெருவில் மணியடித்தபடி, வீட்டு வாசல்களை ஒட்டி ஊர்ந்து இங்கே வருகிறது.