ஏரி மண்ணுல நீந்துற பூஞ்சை

பூஞ்சைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஹாஸ்டல்ல மறந்துபோன பிரெட், மழைக்காலக் காளான். ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்குற ஆட்கள். ஆனா வால் வச்சு நீந்துற பூஞ்சையும் உண்டு. பேரு கைட்ரிட். கிரேக்கத்தில் சின்னப் பானை என்று பொருள். அதன் வித்துப்பை பானை மாதிரியே இருக்கும்.

செங்கல்பட்டைச் சுத்தி எத்தனை ஏரி! சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கரை மண், ஐப்பசி மழையில் சேறாகும். மண்ணில் வாழும் கைட்ரிட்டுகளுக்கு இந்த வாழ்க்கை பழக்கம்தான். வறட்சியைத் தடித்த சுவருக்குள் தாங்கும். தண்ணி வந்ததும் வித்துகளை நீந்த விடும்.

அதில் ஒண்ணுதான் ஸ்பைசெல்லோமைசீஸ் பங்க்டேட்டஸ். இதன் மரபணுத் தொகுப்பு சுமார் 2.4 கோடி எழுத்துகள். நம்முடையது 300 கோடி. சின்னதுதான், ஆனா சரக்கு நிறைய. பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே முன்னோரிலிருந்து பிரிந்தவை. அந்த முன்னோருக்குப் பின்பக்கம் ஒரு வால் இருந்தது. மனித விந்தணுவில் இன்றும் இருப்பது அதே அமைப்புதான். ஈஸ்ட்டும் காளானும் வாலைத் தொலைச்சிடுச்சு. கைட்ரிட் டெலீட் பண்ணாம வச்சிருக்கு.

2023-ல் அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் ஃபெங் ஜாங் குழு, இந்தப் பூஞ்சையிலிருந்து ஃபான்சர் என்ற புரதத்தை எடுத்தது. கிரிஸ்பர் மாதிரியே, ஒரு ஆர்.என்.ஏ. வழிகாட்ட, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும். மனித செல்லிலும் வேலை செய்தது. கேஸ்9-ஐ விடச் சின்னது என்பதால், மருந்தாக செல்லுக்குள் அனுப்புவது சுலபமாகலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். இதன் உறவுக்கார கைட்ரிட் ஒன்று தவளைத் தோலைத் தாக்கி, உலகம் முழுக்கப் பல தவளை இனங்களை அழித்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் அது பதிவாகியிருக்கு. கைட்ரிட் எப்படி வளருது, எப்படி நகருதுன்னு புரியாம அதை எப்படித் தடுக்கறது? 2020-ல் ஸ்பைசெல்லோமைசீஸுக்குள் வெளி மரபணுவைச் செலுத்தி, செல்லை ஒளிர வைத்து, உயிரோடு கவனிக்க வழி கண்டுபிடித்தார்கள். ஆபத்தில்லாத பங்காளியைப் படிச்சு ஆபத்தான பங்காளியைப் புரிஞ்சுக்கிற வழி இது.

மண் கைட்ரிட்டைத் தேடுவது பெரிய செலவில்லை. ஏரிக்கரை மண் ஒரு ஸ்பூன், காய்ச்சி வடித்த தண்ணீர், மேலே கொஞ்சம் பைன் மகரந்தம். மாமல்லபுரம் பக்கம் இருப்பது சவுக்குத் தோப்பு, பைன் இல்லை. கொடைக்கானல் போற நண்பனிடம் சொல்லி வையுங்க. சில நாள் கழித்து மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்க. அதன்மேல் குட்டிப் பானைகள் ஒட்டியிருந்தா, பயோடெக் டிபார்ட்மென்ட் கதவைத் தட்டுங்க. ஏரியை மண்ணடிச்சு பிளாட் போடறதுக்கு முன்னாடி, அதுல யார் குடியிருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துடலாமே!