வண்ணம் வந்த பிறகும்

நுழையும்முன்

புதிய கருவி ஒன்று வந்தவுடன் பழையது மறைந்துவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் பல்லாண்டுகள் அருகருகே வாழ்கின்றன. அந்த இடைக்காலத்தில் பழைய கருவியை வைத்திருக்கும் எளிய மக்களின் நிலை என்ன? கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் இறுதி ஆண்டுகள் இவ்வினாவை எண்ணிப் பார்க்க வைக்கின்றன.

வண்ணத்தின் வருகை

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தன் பணியைத் தொடங்கியது. அக்காலத்தில் கண்ட காட்சிகள் யாவும் கறுப்பு வெள்ளையே. மரப்பெட்டிக்குள் அமைந்த திரையும், அதனை மூடும் இழுப்புக் கதவும், மாடியில் உயர்ந்து நின்ற அலைவாங்கியும் வசதியின் அடையாளங்களாயின. சென்னையைச் சேர்ந்த டயனோரா, சாலிடேர் ஆகிய நிறுவனங்களின் பெட்டிகள் தமிழ்நாட்டு இல்லங்களுக்கு அறிமுகமானவை. பெட்டி இருந்த வீட்டின் கூடம், வெள்ளிக்கிழமை இரவுகளில் ‘ஒளியும் ஒலியும்’ காண வந்த அண்டை வீட்டாரால் நிறைந்தது. தென்கடலோர ஊர்களில் அலைவாங்கியை இலங்கைப் பக்கம் திருப்பி, 1982இல் தொடங்கப்பெற்ற ரூபவாகினியின் நிகழ்ச்சிகளைக் கண்டவர்களும் உண்டு.

1982 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத்தில் ஒளிபரப்பாயின. எனினும், கறுப்பு வெள்ளைப் பெட்டிகளின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

ஓர் அலையில் இரு செய்திகள்

வண்ண ஒளிபரப்பைப் பழைய பெட்டிகள் எவ்வாறு காட்டின? வண்ண ஒளிபரப்பை வடிவமைத்த பொறியாளர்கள், காட்சியை இரு கூறுகளாகப் பிரித்தனர். ஒன்று, காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சமாக உள்ளது என்பதைக் கூறும் ஒளிர்வுக் குறிப்பு. மற்றொன்று, அப்புள்ளியின் நிறத்தைக் கூறும் நிறக் குறிப்பு. கறுப்பு வெள்ளைப் பெட்டி முதற்கூறைக் கொண்டே படத்தை வரைந்தது. வண்ணப் பெட்டி இரண்டையும் இணைத்துக்கொண்டது. திரையை 625 கோடுகளாக நொடிக்கு 25 முறை வரையும் பழைய முறையும் மாற்றப்படவில்லை. ஆகவே, வண்ணப் பெட்டி வாங்க இயலாதவரும் அதே நிகழ்ச்சியை அதே நேரத்தில் காண முடிந்தது.

இவ்வேற்பாட்டில் ஓர் இழப்பும் இருந்தது. ஒளிர்வுக் குறிப்பில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 விழுக்காடு என்ற அளவில் பங்கு உண்டு. நம் கண் பச்சையை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதே இப்பகுப்புக்குக் காரணம். இதனால் ஒளிர்வு ஒத்த இரு வேறு நிறங்கள் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றின. 1992ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் அணிகள் முதன்முறையாக வண்ண உடை அணிந்து ஆடின. கறுப்பு வெள்ளைத் திரையில் அவ்வுடைகள் சாம்பலின் வெவ்வேறு அடர்த்திகளாகவே தெரிந்தன. இக்குறையைப் போக்க எண்ணிய சிலர், வண்ணப் பட்டைகள் கொண்ட நெகிழித் தாளைத் திரையின்மேல் பொருத்தினர். வானம் நீலமாகத் தெரிந்தது. ஆனால், திரையின் மேற்பகுதியில் முகம் வந்தால் அதுவும் நீலமாயிற்று!

நீடித்ததன் காரணம்

கறுப்பு வெள்ளைப் படக்குழாயில் ஒரே மின்னணுக் கற்றை ஒரே வகை ஒளிர்பூச்சின்மீது பாய்ந்தது. வண்ணப் படக்குழாய்க்கு மூன்று கற்றைகளும், மூவண்ண ஒளிர்பூச்சுகளும், ஒவ்வொரு கற்றையையும் உரிய வண்ணத்தில் விழச்செய்யும் நுண்துளைத் தகடும் தேவைப்பட்டன. தொடக்கத்தில் அதன் பாகங்கள் அயல்நாடுகளிலிருந்து வந்தன. எனவே விலை உயர்ந்தது. எளிய அமைப்புடைய கறுப்பு வெள்ளைப் பெட்டியோ குறைந்த விலையில் கிடைத்தது. ஊர்க் கடைகளிலேயே பழுது நீக்கவும் முடிந்தது. 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் 14 அங்குலச் சிறு பெட்டிகள் மின்வசதியற்ற இடங்களுக்கும் சென்றன.

விடைபெற்ற விதம்

பழைய பெட்டிக்கு வண்ணத்தைவிடப் பெரும் அறைகூவலாக அமைந்தது கம்பிவடத் தொலைக்காட்சி. 1990களில் அலைவரிசைகள் பெருகின. ஓரிரு நிலையங்களுக்காக வடிவமைக்கப்பட்ட திருகு குமிழால் அவை அனைத்தையும் பெற இயலவில்லை. வண்ணப் பெட்டிகளின் விலையும் படிப்படியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்வழி ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் 14 அங்குல வண்ணப் பெட்டிகளைப் பெற்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பரணுக்கும் பழைய பொருள் கடைக்கும் சென்றன. படக்குழாயின் கண்ணாடியில் காரீயம் கலந்திருப்பதால், அதனை உடைத்து மண்ணில் எறிதல் தீங்கானது. இத்தகைய மின்னணுக் கழிவுகளை முறைப்படுத்தும் விதிகள் இந்தியாவில் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன.

பின்னர் வந்த எண்ம ஒளிபரப்போ பழைய பெட்டிகளுக்கு நேரடியாகப் புரியாத மொழியில் பேசியது. குறிப்பை மாற்றித்தரும் தனிப்பெட்டி இன்றி அவற்றால் படம் காட்ட இயலவில்லை. வண்ணம் வந்தபோது புதுமையின் சுமையை ஒளிபரப்பு முறையே தாங்கிக்கொண்டது. எண்மம் வந்தபோது அச்சுமை பார்வையாளரின் தோளுக்கு மாறியது. இன்று வகுப்பறையும் வங்கியும் அரசின் சேவைகளும் திறன்பேசிக்குள் வந்துவிட்டன. நாளைய கருவிகளை வடிவமைக்கப்போகும் இளையோர், பழைய கருவியைக் கையில் வைத்திருப்பவரையும் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறிவியலால் அது முடியும் என்பதை மெய்ப்பித்த பெருமை அந்தச் சாம்பல் நிறத் திரைக்கு உண்டு.